வெள்ளைப் பூ வந்தால் ஐஸ்

1

நேற்று ஊரில் தீபம். இங்கே எங்கள் வார்டில் கேக்.

இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். முதலில் கேக். மூன்று குளிர்காலமாக எங்கள் ஆஸ்பத்திரியில் நடந்துவந்த ஆராய்ச்சி முடிந்துவிட்டது. தலையில் பலமாக அடிபட்டு, கூப்பிட்டால் கண் திறக்காத நிலையில் வருகிறவர்களை ஐஸால் குளிரவைத்தால் பிழைப்பார்களா, ஸ்டீராய்டு என்கிற ஹார்மோன் ஊசியை அள்ளிப் போட்டால் பிழைப்பார்களா என்று பார்க்கிற ஆராய்ச்சி. அதன் முடிவைப் பெரிய டாக்டர் ஒரு கையில் தேநீர்க் கோப்பையும் மறு கையில் கத்தியுமாக நின்று அறிவித்தார். ஐஸ் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஊசி விஷயமும் அப்படியே. எல்லோரும் கை தட்டினோம். அவர் கேக்கை வெட்டினார்.

ஒன்றும் தெரியவில்லை என்பதற்குக் கேக் வெட்டுகிற ஜனங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் இதில் ஒரு நேர்மை இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். நம் பக்கத்தில் ஒரு வைத்தியம் பலிக்கவில்லை என்றால் நோயாளியின் ஜாதகத்தைக் குறை சொல்வோம். இவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, எங்களுக்குத் தெரியவில்லை என்று அச்சடித்து உலகத்துக்கே அனுப்புகிறார்கள்.

மிச்சக் கேக்கை மகள் பிரியாவுக்காகக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் அம்மா நினைவு வந்தது. நாளைக் காலை ஊருக்கு போன் செய்யவேண்டும். அடி அண்ணாமலையில் ரைஸ் மில்காரர் வீட்டில் போன் இருக்கிறது. அங்கே அம்மா வந்து உட்கார்ந்திருப்பாள். இந்த ஆராய்ச்சி அவளுக்குப் பரிட்சை. பேச்சோடு பேச்சாக, உன் பரிட்சை முடிஞ்சுதா, ஐஸு நல்லதா கெட்டதா என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பின்னால் என் தம்பி ஏழுமலை இருக்கிறான்.

2

நான் இந்த ஊருக்கு எழுபதுகளில் நர்ஸாக வந்தவள். வட இங்கிலாந்தில், ஆலைப் புகைபோக்கிகள் இருக்கும், ஆனால் புகை இருக்காது, அப்படி ஒரு ஊர். வேலூரில் நர்ஸ் படிப்பு முடித்து, அப்பளத்தையும் ஊறுகாயையும் பெட்டியில் அடுக்கி வந்தபோது, நெருப்பையே மலையாகக் கும்பிடுகிற ஊர்க்காரிக்கு ஐஸ் வைப்பதுதான் பிழைப்பாகும் என்று யாரும் சொல்லவில்லை. நம் ஊரில் ‘ஐஸ் வைக்கிற வேலை’ என்றால் அதற்கு வேறு அர்த்தம். அந்த வேலையும் தெரிந்திருந்தால் நான் இந்நேரம் மேட்ரனாக ஆகியிருப்பேன்.

ஒரு ஆளைக் குளிரவைப்பது லேசான காரியமில்லை. குளிர்ந்த தண்ணீர் ஓடுகிற ரப்பர் மெத்தையில் படுக்கவைத்து, கழுத்துப் பக்கம், அக்குள், தொடை இடுக்கு என்று ஐஸ் பைகளை வைத்து, மேலே மின்விசிறியைத் திருப்பிவிடவேண்டும். உடம்பு சும்மா இருக்குமா? நினைவே இல்லாத உடம்பும் நடுங்கி நடுங்கிச் சூட்டை உண்டாக்கும். நடுக்கத்தை நிறுத்த ஒரு மருந்து. அந்த மருந்தால் மூச்சு நிற்காமலிருக்க ஒரு மெஷின். ரப்பர் மெத்தையின் மோட்டார், வெளியூர் டாக்டர்கள் பார்க்க வருகிற நாளாகப் பார்த்துத்தான் மக்கர் செய்யும். அன்றைக்கு ஜன்னலைத் திறந்துவிடுவோம். ஜனவரி மாதம் இந்த ஊர்க் காற்று, எந்த மெஷினும் செய்யாத வேலையைச் செய்யும். நாங்கள் நர்ஸுகள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்போம்.

பிரியா பள்ளிக்கூடத்தில், “எங்க அம்மா ஆட்களை உறையவைக்கிறாங்க” என்று கட்டுரை எழுதிவிட்டாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மிகவும் நாசூக்காக விசாரித்தாள்.

யாருக்கு ஐஸ், யாருக்கு இல்லை என்பதை டாக்டர் தீர்மானிக்கக் கூடாது. அதுதான் ஆராய்ச்சியின் உயிர்நாடி. தீர்மானிக்க விட்டால் பிழைக்கிற ஆளாகப் பார்த்து ஐஸ் வைத்துவிட்டு, ஐஸால் பிழைத்தான் என்பார். அதனால் ஒட்டிய உறைகள். அடுத்த நோயாளிக்கு அடுத்த உறை. பிரித்தால் உள்ளே ‘குளிர்’ அல்லது ‘குளிர் வேண்டாம்’ என்று இருக்கும். இது நமக்குப் புதிதா? பூ கட்டிப் பார்ப்பதுதானே. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் கட்டி, அம்மன் காலடியில் போட்டு, ஒன்றும் அறியாத குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. எங்கள் ஊரில் கிணறு வெட்டுவதற்கும் சம்பந்தம் பேசுவதற்கும் கோர்ட்டுக்குப் போவதற்கும் இதுதான். இங்கே அதற்குக் கணக்கு நிபுணர் ஒருவர், கமிட்டி இரண்டு. ‘சீட்டுப் போட்டு’ என்று சொன்னால் நோயாளியின் உறவினர் மனம் நோகுமா, ‘தற்செயலாக’ என்று எழுதலாமா என்று ஒரு கமிட்டி வசந்தகாலம் முழுக்க விவாதித்தது.

உறைகள் இருந்த இழுப்பறையின் சாவி என்னிடம் இருந்தது. நோயாளியின் தாய் தகப்பனை உட்காரவைத்து, “எது நல்லதென்று எங்களுக்குத் தெரியாது, அதனால்தான் பார்க்கிறோம்” என்று சொல்வதும் என் வேலைதான். அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் என்னைவிட அழகாகச் சொல்ல எங்கள் ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை. குரலை எங்கே தாழ்த்தவேண்டும், எங்கே கையைத் தொடவேண்டும் எல்லாம் அத்துப்படி.

ஸ்டீவன் என்று ஒரு சின்ன டாக்டர். எக்ஸ்ரே படம் பார்க்கிற விளக்குப் பெட்டி இருக்கிறதே, அதன்மேல் உறையை வைத்து உள்ளே என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தவனை ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்தேன். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த ஒரு பையன், இவன் வயதுதான். ஸ்டீவனுக்கு ஐஸில் நம்பிக்கை. இந்த உறையில் ஐஸ் இல்லையென்றால் அதை அடுத்த ஆளுக்குத் தள்ளிவிட்டு, ஐஸ் இருக்கிற உறையை இவனுக்கு எடுக்கப் பார்த்திருக்கிறான். நான் விட்டேனா? “டாக்டர், இது ஆராய்ச்சி. உங்கள் ஆசைக்கு இங்கே இடமில்லை” என்று ஆரம்பித்து, அவன் காது சிவக்கிற அளவுக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு உறைகளுக்குள் கறுப்புக் காகிதம் வைத்து ஒட்டினார்கள். பெரிய டாக்டர் என்னை ‘எங்கள் மனசாட்சி’ என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் ஒரு வாரம் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

3

அதற்கு அடுத்த தீபத்தன்றுதான் அம்மாவின் போன் வந்தது. நேராக வார்டுக்கே வந்தது. ரைஸ் மில்காரர் எப்படியோ லைன் போட்டுவிட்டார்.

“கமலா, ஏழுமலைக்கு மண்டையில அடி. செங்கத்துல இருந்து பஸ்ஸு மேல குந்திக்கினு வந்தான். புளியமரத்துக் கெள அடிச்சிட்டுது. கண்ணு தொறக்கல.”

தீபக் கூட்டம் என்றால் பஸ்ஸுக்குள் இருக்கிற அளவுக்கு மேலேயும் ஆட்கள் இருப்பார்கள். செங்கம் ரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரங்கள். கிளை வருகிற இடத்தில் மேலே இருப்பவர்கள் “குனி” என்று கத்துவார்கள், எல்லோரும் குனிவார்கள். என் தம்பி அந்தச் சமயத்தில் திரும்பி உட்கார்ந்து, இருட்டுவதற்குள் மலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“எங்கம்மா வெச்சிருக்கீங்க?”

“டவுன்ல நர்சிங் ஓம்ல. வேலூருக்குத் தூக்கினு போலாம்னா டாக்டரு வாணான்றாரு. ரோட்ல குலுக்குனா உசுருக்கு ஆபத்துன்றாரு. ஊசி போடறாரு. ஐஸு வெக்கலாமா வாணாமானு எங்களயே கேக்கறாரு.”

“உங்களயா கேக்கறாரு?”

“உன்னக் கேக்கச் சொன்னாரு. உங்க பொண்ணு சீமையில இதே வேலதான பாக்குது, கேட்டுச் சொல்லுங்க, வெக்கச் சொன்னா வெக்கறேன்னாரு. சொல்லு சீக்கிரம். வெக்கலாமா, வாணாமா?”

எத்தனையோ தாய்மாருக்குச் சொன்ன வாக்கியம். தமிழில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு சொன்னேன்.

“தெரியாதும்மா.”

“இன்னாது?”

“யாருக்கும் தெரியாதும்மா. அதத்தான் நாங்க இங்க பாத்துக்கினு இருக்கோம். சில பேருக்கு வெக்கறோம், சில பேருக்கு வெக்கறதில்ல. கடைசியில எண்ணிப் பாப்போம்.”

“பத்து வருசமா அங்க குந்திக்கினு இன்னாத்தடி பாத்த? சரி, யாருக்கு வெக்கறதுனு எப்படி முடிவு பண்றீங்க?”

“சீட்டுப் போட்டுத்தான்.”

அம்மா பக்கத்தில் யாரிடமோ, “சீட்டுப் போடறாங்களாம்” என்று சொல்வது கேட்டது.

“சீமையிலயுமா?” என்றாள். என் வாழ்க்கையில் அவ்வளவு ஏமாற்றத்தோடு யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

பிறகு அவளே, “அத நான் இங்கயே பண்ணிக்கறேன். வெச்சா எப்படி வெக்கறதுனாச்சும் சொல்லு” என்றாள். ஐஸை நேராகத் தோலில் வைக்காதே, துணியில் சுற்று, நடுங்க ஆரம்பித்தால் உடனே டாக்டரைக் கூப்பிடு, காலும் கையும் நீலமாகிறதா பார் என்று தொண்டை கிழியக் கத்தினேன். பாதியில் லைன் அறுந்தது. வார்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சமையல் குறிப்பு சொல்கிறேன் என்று சிலர் நினைத்தார்களாம்.

உடனே விடுப்புக்கு ஓடினேன். விடுப்பு ஆபீஸில் ஒரு அம்மாள். மூக்குக் கண்ணாடிக்குச் சங்கிலி. அவளிடம் தம்பி விஷயத்தைச் சொன்னேன்.

இங்கே ஒரு மொழிப் பாடம் சொல்லவேண்டும். இவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி, ‘கொஞ்சம் முடியவில்லை’ என்றால் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பிவிடலாம். ‘ரொம்ப மோசமில்லை’ என்றால் அன்றைக்குத் திருவிழா. இது தெரியாமல் நான் வந்த புதிதில், சாகக் கிடந்த ஒருவரின் மனைவியிடம் அந்த முதல் வாக்கியத்தை அப்படியே அர்த்தம் பண்ணிக்கொண்டு, நாளைக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

கண்ணாடி அம்மாள் கேட்டாள், “அவருக்குக் கொஞ்சம் முடியவில்லையா?”

“அதைவிட மோசம்.”

“அப்படியென்றால் காலமாகிவிட்டாரா?”

“இல்லை.”

அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். கூடப்பிறந்தவர் இறந்தால் விடுப்பு உண்டு, விதியில் இருக்கிறது. கோமாவுக்கு இல்லை. அதுவும் கடல் கடந்த கோமாவுக்கு எந்தப் பக்கத்திலும் இல்லை. “ஏதாவது மாற்றம் இருந்தால் உடனே வந்து சொல்லுங்கள், அன்றே அனுப்பிவிடுகிறேன்” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். என் தம்பியை நான் பார்க்கவேண்டும் என்றால் அவன் சாகவேண்டும். இதை அவள் அவ்வளவு அன்போடு சொன்னாள் என்பதைத்தான் என்னால் இன்றுவரை மறக்கமுடியவில்லை. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு, அன்றைக்குப் புதிதாக வந்த நோயாளிக்கு அடுத்த உறையைப் பிரித்தேன். ‘குளிர் வேண்டாம்’ என்று இருந்தது.

4

இரண்டு நாள் கழித்துத் தந்தி. நம் தபால் ஆபீஸ் ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: வெள்ளைப் பூ வந்தது ஐஸ் ஆரம்பம் அம்மா.

அதை நான் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது பெரிய டாக்டர் பார்த்துவிட்டார். கெட்ட செய்தியா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். பூ கட்டிப் பார்க்கிற வழக்கத்தையும் சொன்னேன். மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். தம்பி எப்படி இருக்கிறான் என்பதைப் பிறகுதான் கேட்டார். முதலில் கேட்டதெல்லாம் வேறு.

“பொட்டலத்தை எடுப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதே?”

“தெரியாது, டாக்டர். சின்னக் குழந்தைதான் எடுக்கும்.”

“பொட்டலம் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்குமா?”

“இருக்கும்.”

“விளக்கில் வைத்துப் பார்க்க முடியாதா?”

“இலையில் கட்டுவார்கள், டாக்டர். தவிர, அம்மனை யாரும் ஏமாற்றமாட்டார்கள்” என்றேன், பெருமையாக.

“நம் ஸ்டீவனைவிட மேல்” என்றார். அந்த வருஷம் ஏதோ வெளிநாட்டு மாநாட்டில், தென்னிந்தியாவின் ஒரு கோயில் நகரத்தில் தெய்வமே முன்னின்று பாரபட்சமில்லாமல் சிகிச்சையைப் பிரித்துக் கொடுக்கிறது என்று பேசிவிட்டு வந்தாராம். ஏதோ ஒரு கோயில் கோபுரத்தின் படத்தையும் போட்டுக் காட்டியிருக்கிறார். திரும்பி வந்து எனக்கும் காட்டினார். அது மதுரைக் கோபுரம். நான் திருத்தவில்லை.

ஊரில் நடந்ததெல்லாம் பிறகு எனக்குத் தெரியவந்தது. டவுனில் குச்சி ஐஸ் செய்கிற கம்பெனியிலிருந்து பெரிய பாளமாக வாங்கி, உமி போட்டுக் கோணியில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஊரே முறை வைத்து ஓட்டியிருக்கிறது. நர்சிங் ஹோம் வாசலில் சொட்டிய தண்ணீரில் நோயாளிகள் வழுக்கி விழுந்து, டாக்டருக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் இளநீர் கொண்டுவந்து தலையில் ஊற்றப் போனார். இன்னொருவர் எலுமிச்சம்பழத்தை வெட்டிக்கொண்டு வந்தார். அம்மா எல்லோரையும் விரட்டிவிட்டு, என் பெண் சொன்னபடிதான் என்று துணியைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவள் விரல்கள் மரத்து, பிறகு பல நாள் சோற்றைப் பிசைய முடியவில்லையாம்.

ஏழுமலை கண் திறந்தான். ஒரு வாரம் போல ஆயிற்று. முதலில் அம்மாவைத் தெரியவில்லை, பிறகு தெரிந்தது. நடக்கிறான், சாப்பிடுகிறான், மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறான். வலது கை மட்டும் நடுங்குகிறது. வாசனை தெரியவில்லை. செம்பு என்று சொல்ல நினைத்துச் செருப்பு என்பான், பிறகு அவனே சிரிப்பான், சில சமயம் நிறுத்தமாட்டான். பேசி வைத்திருந்த பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டு, சொல்லியனுப்புகிறோம் என்று போனவர்கள், சொல்லியனுப்பவில்லை.

கிரிவலப் பாதையில் இருக்கிற டீக்கடை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஐஸ் வைத்ததால்தான் பிழைத்தான் என்று ஒரு கட்சி. ஐஸ் வைத்ததால்தான் நரம்பு செத்துக் கை நடுங்குகிறது என்று எதிர்க்கட்சி. எங்கள் பெரிய டாக்டர் மூன்று குளிர்காலம் எடுத்துக்கொண்ட கேள்வியை அவர்கள் ஒரு டீயில் முடித்துவிட்டார்கள். ஆனால் எதிர்க்கட்சி பேசியது அம்மா காதில் விழுந்தது.

5

என் சொந்த விடுப்பு சேர்ந்து, பிரியாவோடு ஊருக்குப் போனபோது மறு வருஷக் கோடை வந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. பிரியாவுக்கு வெயில் ஆகவில்லை, மாட்டு ஈ ஆகவில்லை. தண்ணீர் குடிக்கவே யோசித்தாள். மாமாவை மட்டும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவளுக்கும் தமிழில் சொல் தடுமாறும், அவனுக்கும் தடுமாறும். இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தப்பாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மத்தியானம் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் நாணயம் சுண்டிக் கணக்குப் போடச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் போலிருக்கிறது. பிரியா பாட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டாள்.

“ஆயா, ரெட் பூ வந்தா மாமாவுக்கு ஐஸ் இல்லையா?”

“செவப்பு வராது” என்றாள் அம்மா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஏன் வராது? ஹாஃப் சான்ஸ் இருக்கே.”

“செவப்பு கட்டுனாத்தான வரும்.”

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. பிரியாவுக்கு உடனே புரிந்துவிட்டது. “ஆயா சீட்டிங்” என்று கைகொட்டிச் சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. ஸ்டீவனைத் திட்டிய அதே குரல் வந்துவிட்டது.

“ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே கட்டுனியா? அம்மன் முன்னாடியேவா?”

“அவளுக்குத் தெரியாமயா? அவளும் தாய்தான, எதுவும் சொல்ல மாட்டா.”

“ஐஸ்தான் வெக்கணும்னு இருந்தா நேரா வெச்சிட வேண்டியதுதான. எதுக்கு இந்தப் பூவு, பொட்டலம் எல்லாம்?”

“நானா வெச்சன்னா, நாளைக்கு எதுனா ஒன்னு ஆச்சுனா, பெத்தவளே கொன்னுட்டானு சொல்லுவானுங்க. அம்மன் சொன்னானா எவனும் வாயத் தொறக்க மாட்டான்.”

எங்கள் கமிட்டிகள் எதற்காக இருக்கின்றன என்பது அன்றைக்கு எனக்கு முழுசாக விளங்கியது. அதோடு நான் விட்டிருக்கலாம். விடாமல், “ஏன், ரெண்டுலயும் செவப்பக் கட்டியிருக்கலாமே? ஐஸுதான் நல்லதுனு உனக்கு யாரு சொன்னா? நான் தெரியாதுனுதான சொன்னேன்” என்றேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

“தெரியாது தெரியாதுனு சொல்ற. ஆனா தெனம் போயி அதத்தான பண்ணிட்டு வர. கெடுதல்னா எம்பொண்ணு ஒருத்தருக்கு அதப் பண்ணுவாளா? அதான் கட்டுனேன்.”

எத்தனையோ பேருக்கு உறையைப் பிரித்துப் பாதிப் பேருக்கு அதைச் செய்தேன், பாதிப் பேருக்குச் செய்யவில்லை, எதையும் நம்பிச் செய்யவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

பிரியா மாமாவைத் தேடிக்கொண்டு போன பிறகு அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“அவன் கை நடுங்கறதப் பாக்கறப்பதான் எனக்கு வயித்த கலக்குது. அம்மன ஏமாத்துனதுக்குத்தான் இப்படி ஆயிடுச்சோனு. இல்லனா ஐஸு வெக்காம இருந்தா நல்லா எழுந்திருப்பானோனு. யார்கிட்டயும் சொல்லல. உன் பரிட்ச முடிஞ்சா எனக்குச் சொல்லு. ஐஸு நல்லதுதான்னு வந்துட்டா, எனக்கு அது போதும்.”

சீமைக்குத் திரும்பிய பிறகு பெரிய டாக்டர் தம்பியைப் பற்றி விசாரித்தார். அம்மனைப் பற்றியும் விசாரித்தார். இருவரும் சௌக்கியம் என்றேன். இரண்டு பொட்டலத்திலும் என்ன பூ இருந்தது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. ஸ்டீவன் அதற்குள் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போய்விட்டான். அவன் இருந்திருந்தால் அவனிடம் சொல்லியிருப்பேன். அவனுக்குப் புரிந்திருக்கும்.

6

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இன்று காலை போன்.

விடிந்ததிலிருந்து ஒத்திகை பார்த்தேன். வித்தியாசம் தெரியவில்லை என்று சொல்லவேண்டும். அதைத் தமிழில் எப்படிச் சொன்னாலும், நீ விரல் மரக்க உட்கார்ந்தது வீண் என்றுதான் வருகிறது. இன்னொரு பக்கம் பார்த்தால் அதுவே ஆறுதல்தான். உன் ஐஸால் அவன் கை நடுங்கவில்லை, உன்னால் எதுவும் கெடவில்லை என்று அர்த்தம். பெரிய டாக்டர் என்றால் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துச் சொல்லி, கேட்பவருக்குத் தேநீரும் கொடுத்துவிடுவார். எனக்கு ரைஸ் மில் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லவேண்டும்.

பிரியா மாடிப்படியில் உட்கார்ந்து மிச்சக் கேக்கைத் தின்றுகொண்டிருந்தாள். கேக் எதற்கு வெட்டினார்கள் என்று நேற்றே கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டாள்.

முதலில் ஏழுமலைதான் போனை எடுத்தான்.

“அக்கா, தீபம் பாத்தேன். இந்த வாட்டி கீழ நின்னுதான் பாத்தேன்” என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் சிரிப்பு நிற்கவில்லை. அம்மா மெதுவாகப் போனை வாங்கிக்கொண்டாள்.

மாடு, மழை, பிரியாவின் சளி எல்லாம் விசாரித்தாள். பிறகு கேட்டாள்.

“பரிட்ச முடிஞ்சிதா?”

“முடிஞ்சிதும்மா.”

“இன்னா சொன்னாங்க?”

அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்று எனக்குத் தெரியும்.

“ஐஸுதாம்மா நல்லதுனு வந்திருக்கு. நீ பண்ணதுதான் சரி. வெக்காம இருந்திருந்தா அவன் பொழச்சிருக்க மாட்டான்.”

“நெஜமாவா?”

“பெரிய டாக்டரே சொல்லிட்டாரும்மா. கேக்கெல்லாம் வெட்டுனோம்.”

படியில் பிரியா மெல்லுவதை நிறுத்தினாள். என் தமிழ் அவளுக்குப் பாதிதான் புரியும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கம் அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

“ஏம்மா கமலா” என்றாள். “நீ எனக்குப் பொட்டலம் எதுவும் கட்டலியே?”

“இல்லம்மா” என்றேன்.

“சரி” என்றாள் அம்மா. “அது போதும்.”